தட்டில் இல்லாத ஒன்று: மலாயாவில் பெரிபெரி சொன்ன பாடம்

நோய் எப்படி உண்டாகிறது என்று கேட்டால், "கிருமி உடலுக்குள் புகுவதால்" என்ற பதிலே பெரும்பாலும் முதலில் வரும். காசநோய்க்கும் வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் அந்தப் பதில் பொருந்தும். ஆனால், உடலுக்குள் எதுவுமே புகாமல், வரவேண்டிய ஒன்று வராமல் போனாலும் மனிதன் நோயில் விழுவான், உயிரையும் இழப்பான். இந்த உண்மையை மருத்துவ உலகுக்கு உறுதிப்படுத்திய ஊர்களில் கோலாலம்பூரும் ஒன்று என்பதைப் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்த நோயின் பெயர் பெரிபெரி. முதலில் கால்கள் தளரும், கெண்டைக்கால் வலிக்கும், பாதம் மரத்துப் போகும். பிறகு பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் நடை தடுமாறும். வேறு சிலருக்குக் கால்கள் வீங்கி, இதயம் பெருத்து, மூச்சுத் திணறித் திடீரென மரணம் வரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவின் ஈய லம்பங்களிலும் சிறைச்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் இந்நோய் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள்.

கிருமியைத் தேடிய காலம்

1882இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். அதன் பிறகு எந்த நோயைக் கண்டாலும் அதற்குரிய கிருமி எது என்று தேடுவதே வழக்கமானது. பெரிபெரியும் அதற்கு விலக்கல்ல. 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், இந்நோய்க்குக் கிருமியே காரணம் என்று உறுதியாக நம்பினார்.

அதற்கு முன்பே, பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஒரு விசித்திரம் நடந்திருந்தது. டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் ஆராய்ச்சிக்காக வளர்த்த கோழிகளுக்குப் பெரிபெரியைப் போன்ற கால்முடக்கம் வந்தது. சிறிது காலத்தில் அது தானாகவே மறைந்தது. விசாரித்தபோது, இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போடப்பட்ட காலத்தில் மட்டுமே நோய் இருந்தது தெரிய வந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்து, கோழிகள் தீட்டாத அரிசிக்கு மாறியதும் அவை குணமடைந்தன. ஆனாலும், வெள்ளை அரிசியில் ஏதோ நச்சு இருக்கிறது என்றே எய்க்மான் முதலில் கருதினார். அரிசியில் நச்சு இருப்பதன்று, தேவையான ஒன்று இல்லாமற்போவதே காரணம் என்று 1901இல் கூறியவர் அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ்.

புழுங்கல் அரிசி காத்தவர்கள்

மலாயாவில் இந்தப் புதிரை வேறு திசையிலிருந்து அணுகியவர் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன். ஒரே மண், ஒரே மழை, ஒரே காற்று. அப்படியிருக்க, சீனத் தொழிலாளர்களைத் தாக்கும் நோய் தமிழர்களை ஏன் ஏறக்குறைய தொடுவதே இல்லை? கம்பத்து மலாய்க்காரர்களிடம் ஏன் அரிதாக இருக்கிறது? விடை அவர்களுடைய சோற்றில் இருந்தது. சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்தி உண்டனர். தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி.

நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்துப் பிறகு உமி நீக்குவது நம் முன்னோர் வழிவழியாகச் செய்து வந்தது. அப்படி அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்புறத்துக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் ஆலையில் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. ஆனால், இந்தக் காரணம் பிராடனுக்கும் தெரியாது. நாள்பட்ட வெள்ளை அரிசியில் நஞ்சு உண்டாகிறது என்றே அவர் 1907இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

பதினெட்டு உயிர்கள்

அரிசிக்கும் நோய்க்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்று சோதிக்க முன்வந்தவர் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர். இடம், கோலாலம்பூர் மனநல மருத்துவமனை. 1905 டிசம்பரில் அங்கிருந்த நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்தார்கள். ஒற்றைப்படை எண் பெற்றவர்களுக்குச் சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண் பெற்றவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவில் வேறுபாடு இல்லை. இடத்தின் கோளாறாக இருக்குமோ என்ற ஐயத்தைப் போக்க, இடையில் இரு பிரிவினரின் தங்குமிடங்களையும் மாற்றிப் பார்த்தனர். நோய் இடத்தோடு தங்கவில்லை, அரிசியோடு சென்றது.

1906 இறுதிவரையிலான கணக்கு இதுதான். வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அவர்கள் மருத்துவமனைக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அப்பிரிவில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை.

மனிதர்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்த தொடக்ககால மருத்துவச் சோதனைகளில் ஒன்றாக இது இன்று மதிக்கப்படுகிறது. ஆயினும், அந்த மதிப்பின் விலையையும் மறக்கலாகாது. தங்களுக்கு என்ன செய்யப்படுகிறது என்று கேட்கும் நிலையில் இல்லாதவர்கள் அவர்கள். சோதனைக்கு உட்படுவோரின் சம்மதத்தைப் பெறவேண்டும் என்ற விதி அந்நாளில் இல்லை. ஒற்றைப்படை எண் கிடைத்த ஒரே காரணத்துக்காகச் சிலர் மாண்டு போயினர்.

அடுத்து, அதே ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டான்டன் இருவரும் ஜெலபுவிலுள்ள டுரியான் திப்புஸ் காட்டுப் பகுதியில், சாலை போடும் வேலையிலிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே ஒப்பீட்டைச் செய்தனர். வெள்ளை அரிசி உண்ட பிரிவில் ஏறக்குறைய மூன்று மாதங்களில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நோயும் பிரிவு மாறியது. 1909இல் முடிவுகள் வெளிவந்தன. பின்னர் கோழிகளிடம் நடத்திய ஆய்வுகள், தீட்டும்போது நீங்கும் தவிட்டில்தான் நோயைத் தடுக்கும் சத்து இருக்கிறது என்பதைக் காட்டின.

விறகும் தீக்குச்சியும்

1912இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய சத்துகளுக்கு வைட்டமின் என்ற பெயரைப் பரப்பினார். 1926இல் பத்தாவியாவிலேயே யான்சன், டோனாட் இருவரும் அந்தச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். அதுவே வைட்டமின் பி1, அதாவது தயாமின். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சத்து என்ன செய்கிறது? சோற்றிலுள்ள மாவுச்சத்தை விறகு என்று கொண்டால், அதை எரியவைக்கும் தீக்குச்சி தயாமின். அடுப்பு நிறைய விறகு இருந்தும் தீக்குச்சி இல்லையென்றால் உலை கொதிக்காது. ஓயாமல் சக்தி தேவைப்படும் நரம்பும் இதயமுமே முதலில் பாதிக்கப்படுகின்றன. உடல் தயாமினை இரண்டு மூன்று வாரத் தேவைக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை. இருப்புத் தீர்ந்த பின்னும் உடனே கால் தளர்வதில்லை. வெளியே ஒன்றும் தெரியாத நாட்களிலேயே உள்ளே நோய் வளர்கிறது. நோய் தொடங்கும் நாளும் அது வெளிப்படும் நாளும் ஒன்றல்ல என்பதை டுரியான் திப்புஸின் மூன்று மாதங்கள் காட்டுகின்றன.

புழுங்கல் அரிசி உண்டதால் அக்காலத் தமிழர்கள் நலமாக வாழ்ந்தனர் என்று எண்ணிவிடக் கூடாது. பெரிபெரிக்குத் தப்பியவர்களைத் தோட்டங்களில் மலேரியா கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அங்கே காரணம் இல்லாமை அன்று. கொசுவின் வழியே வந்த கிருமி. 1901 முதல் கிள்ளானில் மருத்துவர் மல்கோம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடிய வைத்துத்தான் அதை எதிர்த்துப் போராடினார். ஒரு நோயிலிருந்து காக்கும் பழக்கம் இன்னொன்றுக்குக் கேடயமாகாது. காரணத்தை அறிந்தால்தான் சரியான வழி பிறக்கும்.

பெரிபெரி முற்றாக மறைந்துவிடவில்லை. அளவுக்கு மீறி மது அருந்துவோருக்குச் சாப்பாடு குறைவதோடு, உண்பதிலுள்ள தயாமினையும் உடல் சரிவர ஏற்பதில்லை. அவர்களுக்கு நரம்பும் மூளையும் இதயமும் பழுதடையும் அபாயம் இன்றும் உண்டு. கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது என்றால், போதை என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே குடும்பத்தாரின் கடமை. மலாயா மண்ணில் பலர் உயிர் கொடுத்துக் கற்றுத் தந்த பாடத்தை நாம் வீணாக்கலாகாது.