நிழல் விழும் தட்டும் முள் சுழலும் தட்டும்

பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டிற்குச் செல்வோர் டச்சுக் கல்லறைகளையும் ஏரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அவ்வூர்ப் பள்ளிவாசலில் உள்ள பழைய சூரியக் கடிகாரத்தைத் தேடிச் செல்வோர் சிலரே. தொழுகை நேரம் அறிவதற்காக வைக்கப்பட்ட தட்டு அது. சாவியும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம். ஆனால் அதற்கொரு நிபந்தனை உண்டு. எந்த ஊருக்கெனக் கோடு கீறப்பட்டதோ அந்த ஊரில் மட்டுமே அது மெய் சொல்லும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் இளைஞர்கள் சிலர் பழைய பாணிக் கைக்கடிகாரங்களுக்கு வீட்டிலேயே டயல் செய்து மாட்டிக்கொள்கின்றனர். அரபு எண்கள் பொறித்த டயலுக்குத்தான் அவர்களிடையே மதிப்பு அதிகம். பயனுள்ள கைத்தொழிலாகவே அதை நாம் காண்கிறோம். எனினும் எண்ணின் வடிவம் மாறியதும் அது "இஸ்லாமியக் கடிகாரம்" ஆகிவிட்டது என்ற எண்ணத்திற்கு வரலாறு வேறு விடை சொல்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ, சூரியக் கடிகாரம் அமைப்பதற்கென அட்டவணைகள் வகுத்தார். ஒரே அட்டவணையாக அன்று. பல அட்சரேகைகளுக்குத் தனித்தனியாக. பிற்காலத்தில் பெரிய பள்ளிவாசல்களில் "முவக்கித்" என்ற பதவி உண்டானது. நேரம் கணிப்பதே அவருடைய பணி. திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலில் தலைமை முவக்கித்தாக இருந்த இப்னுஷ் ஷாதிர், ஹிஜ்ரி 773இல், அதாவது கி.பி. 1371-72இல், ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள பளிங்குப் பலகையில் ஒரு சூரியக் கடிகாரத்தை அமைத்தார். நிழல் தரும் கம்பி பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும்படி செய்தது அதன் சிறப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது உடைந்தபோது, தன்தாவீ என்ற அறிஞர் அதைப் போன்ற ஒன்றை 1876இல் செய்து வைத்தார்.

அந்தத் திமிஷ்குத் தட்டை அப்படியே பெயர்த்து வந்து பழவேற்காட்டில் வைத்தால் என்ன ஆகும்? திமிஷ்கு 33½ பாகை வடக்கில் உள்ளது. பழவேற்காடோ 13.4 பாகையில். கம்பியின் சாய்வு அந்தந்த ஊரின் பாகைக்குச் சமமாக இருத்தல் வேண்டும். கோடுகளும் மாறும். நண்பகல் கோட்டிலிருந்து ஒரு மணிக் கோடு திமிஷ்கில் 8½ பாகை அளவு விலகி நிற்கும். நம் ஊரில் 3½ பாகைதான். நமக்கு இரண்டு மணிக் கோடு 7½, மூன்று மணிக் கோடு 13, நான்கு மணிக் கோடு 22, ஐந்து மணிக் கோடு 41 பாகை என்று வரும். உச்சிப் பொழுதில் கோடுகள் நெருங்கிக் கிடக்க, மாலையில் அகன்று விரியும். அழகு நோக்கிச் சம இடைவெளியில் கோடு கீறியவர் தொழுகை நேரத்தைப் பிழையாக அறிவித்தவர் ஆவார்.

அஸர் நேரம் இன்னும் நுட்பமானது. ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழலுக்கு மேல் அப்பொருளின் ஒரு மடங்கு நீளும்போது அஸர் தொடங்குகிறது. இமாம் அபூஹனீஃபாவின் பிரபலமான கருத்துப்படி இரு மடங்கு. அந்த நண்பகல் நிழலோ நிலையானதன்று. பழவேற்காட்டில் 100 செ.மீ. கழி நட்டால், டிசம்பர் இறுதியில் நண்பகல் நிழல் வடக்கே 75 செ.மீ. அளவில் விழும். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் நடுவில் ஒரு நாளும் நிழலே இராது. ஜூன் இறுதியிலோ நிழல் தெற்கே திரும்பி 18 செ.மீ. நிற்கும். ஆகவே அஸரைக் காட்டுவது மணிக் கோடுகளைப் போல நேர்கோடாக அமையாது. அது தனியே ஒரு வளைகோடு.

இயந்திரக் கடிகாரம் வந்தபோதும் ஊருக்கேற்ற, மக்களுக்கேற்ற டயல் என்ற வழக்கம் மறையவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனின் மார்க்விக் மார்க்கம், ஜார்ஜ் பிரையர் முதலியோர் உதுமானியர்க்கென அரபு எண் வடிவங்களில் டயல் செய்து அனுப்பினர். இன்று நம் பிள்ளைகள் விரும்பும் டயலுக்கு மூதாதை அதுவே. ஆனால் உதுமானியர் அக்கடிகாரங்களை மஃரிப் வேளையில் பன்னிரண்டு என்று திருத்தி வைத்தனர். சூரியன் மறையும் நேரம் மாறுவதால் முள்ளை அடிக்கடி திருத்த வேண்டியிருந்தது. அவர்கள் காலக்கணக்கை வேறாக்கியது அந்த வழக்கமே. எண் வடிவம் அன்று. 1926இன் தொடக்கத்தில் துருக்கி அம்முறையைக் கைவிட்டது.

நம் நாட்டில் நடந்தது வேறு. சென்னை வானியல் ஆய்வுக்கூடத்தின் கோல்டிங்ஹாம் 1802இல் நிர்ணயித்த "மெட்ராஸ் நேரம்" பின்னாளில் இரயில்வேயின் நேரமாயிற்று. 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் வந்தது. கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. பழவேற்காட்டின் நிழல் மட்டும் நகரவில்லை.

இனி வீட்டில் டயல் செய்வோர்க்குச் சில சொற்கள். ஏறத்தாழ 0.4 மி.மீ. பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டுகின்றனர். பலர் பயன்படுத்தும் ஜப்பானிய என்எச்35 மெஷினுக்கு 28.5 மி.மீ. விட்டம் வழக்கம். பின்புறக் கால்களை ஈயம் வைத்துப் பற்றவைப்பது வர்ணம் பூசுவதற்கு முன்பே முடிய வேண்டும். பிறகு சூடு காட்டினால் வர்ணம் பொங்கிவிடும். நீரில் நனைத்து ஒட்டும் படத்தாளில் லேசர் அச்சு நிற்கும். சாதாரண மை கரையும். தகடு சற்றுத் தடித்தாலும் சிறிய முள் உரசும். அரபு எண்களை இடுவோர் அச்சிடுமுன் 12 என்பது 21 ஆகப் புரண்டுவிடவில்லையா என்று பார்த்துக்கொள்ளட்டும். சில கணினி எழுத்துருக்களில் இது நேர்கிறது. (தமிழ் எண்களில் டயல் செய்தால் நமக்கு இன்னும் மகிழ்ச்சி. அரபுத்தமிழ் எழுதிய சமுதாயத்திற்கு இரண்டும் சொந்தந்தானே.)

ஓர் எச்சரிக்கையை வலியுறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. சபர் சென்ற பாட்டனார் கொண்டுவந்த பழைய கடிகாரத்தில் இருளில் ஒளிரும் பூச்சு இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். 1960களுக்கு முந்தியவற்றில் அது மெய்யான ரேடியமாக இருக்கக்கூடும். ஒளி மங்கியிருந்தாலும் ரேடியம் மங்குவதில்லை. அது பாதியாகக் குறைய 1600 ஆண்டுகள் ஆகும். அதன் தூள் மூச்சில் போகலாகாது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டயலுக்கு ரேடியம் தீட்டிய இளம்பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடையெலும்பு அழுகி மடிந்தனர். உயிரோடிருந்தவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கு 1928இல்தான் சமரசத்தில் முடிந்தது.

விற்பனை செய்வோர்க்கு மற்றொன்று. எச்எம்டி கடிகாரத்திற்குப் புது டயல் மாட்டி "பழைய அசல்" என்று விற்பது மறைத்து விற்பதாகும். டயல் தம் கைவேலை என்று சொல்லி விற்றால் விலை குறையலாம். வியாபாரம் ஹலாலாக இருக்கும்.

பழவேற்காட்டுக்கென்றே ஒரு டயல் செய்ய விரும்புவோர்க்கு ஒரு கணக்குத் தருகிறோம். இங்கே சூரியன் உச்சியில் நிற்பது நவம்பர் தொடக்கத்தில் 11:52 மணிக்கு; பிப்ரவரி நடுவில் 12:23 மணிக்கு. மற்ற நாள்களெல்லாம் இவ்விரண்டிற்கும் இடையில். இந்த 31 நிமிடத்தையும் சிறிய முள்ளின் வழியில் ஒரு வில்லாகத் தீட்டலாம். முள் அந்த வில்லைத் தாண்டிவிட்டால் எந்த மாதமாயினும் லுஹர் நேரம் வந்துவிட்டது என்று பொருள். 28.5 மி.மீ. டயலின் விளிம்பருகே அந்த வில் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். மெல்லிய தூரிகை போதும்.