அடி அண்ணாமலையில் ஒரு முள்

போன வருஷம் கிரிவலம் போனபோது அடி அண்ணாமலை பக்கத்தில் வெறுங்காலில் முள் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்து முடித்தேன். மூணாம் நாள் காலில் சீழ். "சீழ் பிடிச்சிருச்சே" என்று அம்மா பதறினார். சீழே பிடிக்காத உடம்பும் உண்டு, அதுதான் பெரிய ஆபத்து என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சீழ் என்பது கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளையணுக்களின் குவியல். 1882இல் இத்தாலியின் மெசினாவில் மெட்ச்னிகோவ் நட்சத்திரமீனின் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்தன. ஆனால் நம் வெள்ளையணு ஓடுகிற ரத்தத்தில் போகிறது. முள் குத்திய இடத்தில் அது எப்படி இறங்குகிறது?

1867இலேயே கோன்ஹைம் தவளையின் ரத்தக்குழாயில் இதைப் பார்த்திருந்தார். வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி, சுவரைக் கடந்து வெளியே வந்தன. எது ஒட்டவைக்கிறது என்பது தெரியவே நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

துப்பு கொடுத்தவை குழந்தைகள். 1979இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. சில குழந்தைகளுக்கு வாரக்கணக்கில் தொப்புள்கொடி விழவில்லை. தொற்று மேல் தொற்று வந்தது. இந்த நோயில் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏராளமாக இருக்கும், புண்ணில் மட்டும் சீழ் இருக்காது. படை இருக்கிறது, இறங்க முடியவில்லை. அணுவின் மேலுள்ள 'இன்டெக்ரின்' என்ற பிடிப்புப் புரதத்தில்தான் கோளாறு என்று 1980களில் திமோத்தி ஸ்பிரிங்கர் உள்ளிட்டோர் கண்டார்கள்.

1991இல் அவரும் மைக்கேல் லாரன்ஸும் மீதியைக் காட்டினார்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் தள்ளிக்கொண்டு போகிறவர் ஓரக் கடைகளின் கம்பைத் தொட்டுத் தொட்டு வேகம் குறைப்பார் இல்லையா? அப்படி, 'செலக்டின்' என்ற புரதத்தைத் தொட்டு அணு மெல்ல உருள்கிறது. காயத்தின் ரசாயனச் சேதி கிடைத்த பிறகே மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் நிமிர்ந்து இறுகப் பிடிக்கிறது. வேலை முடிந்ததும் விட்டுவிடுகிறது. எப்போதும் பிடித்துக்கொண்டே இருந்தால் அணுவால் நகரவே முடியாது. எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பதில்தான் விஷயமே.

இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். அரிய நோய்தான். ஆனால் மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொடுக்கும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. இந்தியக் குழந்தைகளிடம் இந்த நோயை மும்பையின் தேசிய நோயெதிர்ப்பு ரத்தவியல் நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. கடுமையான நிலையில் இதைக் குணமாக்கும் வழி எலும்பு மஜ்ஜை மாற்று. நம் பக்கத்து வேலூர் சிஎம்சியில் அந்தச் சிகிச்சை 1986இலேயே தொடங்கிவிட்டது. சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் பிள்ளையைக் காப்பாற்ற முடியும்.

தொப்புள்கொடி வழக்கமாக ஒண்ணு ரெண்டு வாரத்தில் விழுந்துவிடும். மூணு வாரம் தாண்டியும் விழவில்லை என்றால், "அது பாட்டுக்கு விழும்" என்று யார் சொன்னாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.