குப்பன் என்றொரு பெயர்

'குப்பனும் சுப்பனும்' என்று கூசாமல் எழுதுகிறோம். பொருட்படுத்த வேண்டாத யாரோ ஒருவன் என்று அர்த்தம். முற்போக்கு மேடைகளிலும் இது புழங்குகிறது. யார் இந்தக் குப்பன்?

பிராமணனுக்கு மங்கலம், சத்திரியனுக்கு வலிமை, வைசியனுக்குச் செல்வம், சூத்திரனுக்கு இழிவு தோன்றப் பெயரிட வேண்டும் என்கிறது மனுஸ்மிருதி (2:31). குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி எல்லாமே இந்த விதியின் விளைச்சல் என்று வாசிப்பது நம்மிடையே வழக்கம். எனக்கு இது போதவில்லை. அப்படியானால் தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யருக்கும், சமஸ்கிருதப் பேராசிரியர் குப்புஸ்வாமி சாஸ்திரிக்கும் (1880–1943) இந்தப் பெயர் எப்படி வந்தது?

ஊர்க் கிழவிகளிடம் கேட்டால் சொல்வார்கள்: "முன்னாடி ரெண்டும் தங்கலே. அதான் இவனைக் குப்பைமேட்டுலே போட்டுப் புரட்டி எடுத்தோம்." பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்துப் பிறந்ததை, 'இது குப்பை, யாருக்கும் வேண்டாதது' என்று சாவுக்குக் காட்டுகிற தந்திரம். தவிட்டுக்குப் பிள்ளையை விற்பதும், ஆண்பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்று கூப்பிடுவதும் இதே வகைதான். இழிவை இங்கே ஆயுதமாக எடுத்தவள் தாய். எந்த சாஸ்திரமும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சாவு பயம் எல்லாச் சாதிக்கும் பொது. பிழைத்து வளர்ந்த பிறகுதான் சாதி தன் வேலையைக் காட்டுகிறது. மேல்சாதிக் குப்பனுக்கு 'சாமி'யும் 'ஐயரு'ம் 'முதலியாரு'ம் வந்து ஒட்டிக்கொள்ள, குப்பை கண்ணுக்குத் தெரியாமல் போகும். சேரிக் குப்பனுக்கு அதே 'சாமி'யை வைத்தாலும் கூப்பிடுகிறவன் வாயில் அது நிற்காது. சாவை ஏய்க்க வைத்த பெயர் பண்ணையாருக்கு "டேய் குப்பா" என்றாகிவிடும். மனு பின்வாசல் வழியாக உள்ளே வருவது இப்படித்தான்.

இந்தப் பெயர் அருகிப்போனதற்குச் சுயமரியாதை இயக்கத்தையும் (1929 செங்கல்பட்டு மாநாடு சாதிப்பட்டங்களை விடச் சொன்னது), பள்ளிக்கூடத்தையும், சினிமாவையும் காட்டுவார்கள். சரிதான். ஆனால் இன்னொன்றும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து குழந்தைகளில் ஒன்று முதல் வயதைத் தாண்டவில்லை. 2020இல் தமிழ்நாட்டின் கணக்கு ஆயிரத்துக்கு 13. தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் கிராமச் செவிலியரும் வந்த பிறகு குப்பைமேட்டுக்கு என்ன வேலை?

இன்றும் அரசிதழில் பெயரை மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த "டேய்"யைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்தான். வீட்டுப் பெண்களிடம் அந்தக் குப்பைமேட்டுக் கதையைக் கேட்டு எழுதி வைத்துவிட்டு மாற்றலாம், அவ்வளவுதான்.