நிரலுக்குள் எழுதிய கடவுச்சொல்: பகிர்வுக் கோப்புறைகளும் கூடங்குளம் 2019-உம்

வலையமைப்பில் பகிரப்பட்ட ஒரு கோப்புறையைத் திறக்க வருபவரிடம் சர்வர் முதலில் கேட்பது, வந்திருப்பது யார் என்பதைத்தான். மேசைக் கணினியில் அமர்ந்திருக்கும் ஊழியருக்கு இது தொல்லையாகத் தெரிவதில்லை. காலையில் உள்நுழைந்தபோது கொடுத்த அடையாளத்தை விண்டோஸ் வைத்திருந்து, அவர் சார்பில் சர்வரிடம் காட்டிவிடும். நள்ளிரவில் தானாக ஓடும் நிரலுக்கு அப்படி ஓர் உள்நுழைவு கிடையாது. ஏதாவது ஒரு கணக்கின் பெயரில்தான் அது சர்வர் முன் போய் நின்றாக வேண்டும். பல அலுவலகங்களில் இதற்கு எளிய வழியாகக் கைக்கொள்ளப்படுவது, ஒரு மனிதரின் கணக்கையும் கடவுச்சொல்லையும் நிரலுக்குள்ளேயே எழுதிவைப்பது. இதை நிரலரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. நிரலுக்கென்று தனி அடையாளம் தராத நிர்வாக அமைப்பில்தான் குறை இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விண்டோஸ் கோப்புப் பகிர்வின் அடித்தளமான எஸ்எம்பி நெறிமுறை 1983-இல் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியதிலிருந்து வளர்ந்தது. இன்று அதில் அடையாளம் சரிபார்க்க இரண்டு முறைகள் புழங்குகின்றன. பழையது என்டிஎல்எம். சர்வர் ஒரு தற்போக்கு எண்ணை அனுப்பும். கேட்கும் கணினி, கடவுச்சொல்லிலிருந்து பெற்ற ஹாஷைக் கொண்டு அதற்கு விடை கணித்து அனுப்பும். கடவுச்சொல் கம்பி வழியே போவதில்லை என்பது இதன் நன்மை. ஆனால் ஹாஷ் கையில் கிடைத்தவருக்குக் கடவுச்சொல்லே தேவைப்படாது என்பதை 1997-இலேயே பால் ஆஷ்டன் காட்டிவிட்டார். மற்றது எம்ஐடியின் ஏதீனா திட்டத்தில் பிறந்து, விண்டோஸ் 2000 முதல் டொமைன்களின் இயல்பு முறையாகிய கெர்பரோஸ். இதில் டொமைன் கன்ட்ரோலர் ஒவ்வொரு சேவைக்கும் காலவரம்புள்ள சீட்டு ஒன்று வழங்கும். சீட்டு சேவையின் பெயருக்கே எழுதப்படுவதால், சர்வரைப் பெயரால் அழைக்காமல் ஐபி எண்ணால் அழைத்தால் விண்டோஸ் இயல்பாக என்டிஎல்எம்முக்குத் திரும்பிவிடும். சிறிய நுணுக்கம்தான்; ஆனால் கூடங்குளத்துக்கு வரும்போது இதன் எடை தெரியும்.

நிரலரை எளிய வழிக்குத் தள்ளும் இடர்கள் உண்மையானவை. தம் கணினியில் இசட் என்ற டிரைவ் எழுத்தில் பகிர்வை இணைத்துச் சோதித்த நிரல், விண்டோஸ் சேவையாக மாற்றியதும் பாதையைக் காணவில்லை என்கிறது. டிரைவ் எழுத்து அந்த உள்நுழைவுக்கு மட்டுமே உரியது. சேவையோ வேறோர் உள்நுழைவில் ஓடுகிறது. டிரைவ் எழுத்தை விட்டு முழுப் பாதையைக் கொடுத்தால் அனுமதி மறுக்கப்படுகிறது. லோக்கல் சிஸ்டம் கணக்கில் ஓடும் சேவை, வலையமைப்பில் தன் கணினியின் டொமைன் கணக்காகத்தான் போய் நிற்கும். அந்தக் கணக்குக்குக் கோப்புறையில் யாரும் உரிமை தந்திருக்க மாட்டார்கள். அதே சர்வருக்கு இன்னொரு பயனர் பெயரில் இணைய முயன்றால் 1219 என்ற பிழை எண் வருகிறது: ஒரே உள்நுழைவிலிருந்து ஒரே சர்வருக்கு இரண்டு பெயர்களில் இணைப்பு கூடாது. இத்தனைக்கும் பிறகு, எல்லாக் கதவுகளையும் திறக்கும் நிர்வாகி கணக்கை ‘நெட் யூஸ்’ கட்டளையில் கடவுச்சொல்லோடு எழுதிவிட்டால் வேலை முடிகிறது. நிரல் ஓடுகிறது, அதன் பிறகு அந்த வரியை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அந்த வரி எதுவரை போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2019 அக்டோபர் இறுதியில், டீட்ராக் என்ற தீநிரலின் மாதிரி ஒன்று பொதுவெளியில் பேசப்பட்டது. லாசரஸ் என்னும் இணையத் தாக்குநர் குழுவோடு தொடர்புடையது என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் முந்தைய மாதம் அறிவித்திருந்த நிரல் அது. அக்டோபர் 29-இல் கூடங்குளம் அணுமின் நிலையம் செய்தியை மறுத்தது. மறுநாள் இந்திய அணுமின் கழகம், தன் கணினியில் தீநிரல் கண்டறியப்பட்டது சரியே என்றும், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4-ஆம் தேதியே இதைத் தெரிவித்தது என்றும் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பிலிருந்த கணினி. முக்கியமான உள்வலையமைப்பு அதிலிருந்து தனிப்படுத்தப்பட்டது என்றும் கழகம் விளக்கியது.

ஆய்வுக்கு உரியது அந்த மாதிரிக்குள் பதிந்திருந்த ஒரு கட்டளை வரி. அது மூன்று செயல்களைத் தொடுத்திருந்தது. முதலில் ‘நெட் யூஸ்’ மூலம் ஓர் உள் ஐபி முகவரியிலிருந்த கணினியின் சி டிரைவ் நிர்வாகப் பகிர்வோடு இணைதல். நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கத்தை முன்னொட்டாகக் கொண்ட ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கும் அதன் கடவுச்சொல்லும் அதே வரியில் வெளிப்படையாக இருந்தன. அடுத்து, திரட்டிய கோப்பை அந்தக் கணினியின் விண்டோஸ் தற்காலிகக் கோப்புறைக்கு நகர்த்துதல். கடைசியாக இணைப்பைத் துண்டித்தல். ஓர் அலுவலகத்தின் இரவுநேரக் காப்புப்பிரதி நிரல் செய்வதும் வரிசை மாறாமல் இதைத்தான். எந்தத் தொழில்நுட்பப் பிழையையும் அந்த வரி சுரண்டவில்லை. நெறிமுறை அனுமதித்த வழியில், சரியான பெயரோடு போய்க் கதவைத் தட்டியது. சர்வரின் பார்வையில் வந்தவர் நிர்வாகி. ஐபி எண்ணால் அழைத்ததால் இயல்பு அமைப்பில் கெர்பரோஸ் சீட்டுக்கும் அங்கே வேலையில்லை. கடவுச்சொல் நிரலுக்குள் உறைந்திருந்ததைப் பார்த்தால், இந்த வடிவம் தொகுக்கப்படும் முன்பே அது தீநிரலை எழுதியவர்களின் கைக்குப் போயிருந்தது என்பது தெளிவு.

அப்படியானால் நிரலுக்குள் இருக்கும் கடவுச்சொல்லைச் சங்கேதமாக்கி எழுதினால் போதாதா என்ற கேள்வி எழும். போதாது என்பதற்கு மைக்ரோசாஃப்டின் சொந்த அனுபவமே சான்று. குரூப் பாலிசி முன்னுரிமைகள் வழியாகப் பகிர்வு டிரைவ்களை இணைக்கும் வசதியில், கடவுச்சொல் ஏஇஎஸ் முறையில் மறைக்கப்பட்டு, டொமைன் பயனர் எவரும் படிக்கக்கூடிய கோப்பில் வைக்கப்பட்டது. அதைத் திறக்கும் சாவி எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே. அதையும் மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்திலேயே வெளியிட்டிருந்தது. 2014 மே மாதம் எம்எஸ்14-025 திருத்தத்தால் அப்படிக் கடவுச்சொல்லை எழுதிவைக்கும் வசதி நீக்கப்பட்டது. ஆனாலும் ஏற்கெனவே எழுதிவைத்த கோப்புகளை அத்திருத்தம் அழிக்கவில்லை. தானே அவிழ்த்துப் படித்தாக வேண்டிய நிரலிடம் பூட்டையும் சாவியையும் சேர்த்துக் கொடுக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் இதே கதிதான்.

மாற்று வழி விண்டோஸ் சர்வர் 2012-இலிருந்தே இருக்கிறது. குழு நிர்வகிப்புச் சேவைக் கணக்கு என்னும் இவ்வகைக் கணக்கின் கடவுச்சொல்லை டொமைனே உருவாக்கி, இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறது. அதன் நீளம் 240 பைட். எந்த மனிதரும் அதைத் தட்டச்சு செய்வதில்லை. அனுமதிக்கப்பட்ட கணினிகள் மட்டுமே அதைக் கேட்டுப் பெறலாம். நிரல் அந்தக் கணக்கில் ஓடினால் அதற்குள் கடவுச்சொல் எழுத இடமே இல்லை. கோப்புறையை முழுப் பாதையில் திறந்தால் போதும். ஒரே கணினியில் ஓடும் சிறு சேவையானால், கணினிக் கணக்குக்கே பகிர்விலும் கோப்பு முறைமையிலும் உரிமை கொடுப்பதும் தகும். இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும் என்பதால் இரண்டிடத்திலும் கொடுக்க வேண்டும்.

டொமைனில் சேராத பழைய சேமிப்புச் சாதனங்களோடு இது நடக்காது என்ற மறுப்பு நியாயமானது. அங்கே கடவுச்சொல் தவிர்க்க முடியாதது. ஆயினும் அது நிரலின் மூலவரியில் இருக்கத் தேவையில்லை; விண்டோஸின் நற்சான்றுப் பெட்டகத்தில், அந்தச் சேவை ஓடும் கணக்கின் கீழ் இருக்கலாம். அந்தச் சாதனத்தில் அதற்கென்று தனிக் கணக்கு வைத்து, ஒரே கோப்புறையில் எழுதும் உரிமை மட்டும் தரலாம். சேவைக் கணக்குக்கும் எல்லை உண்டு. அது ஓடும் கணினியில் முழு அதிகாரம் பெற்றுவிட்ட தாக்குநர், அந்தக் கணக்கின் பெயரிலேயே வெளியே போக முடியும். ஆனால் அவர் போய்ச் சேரக்கூடிய இடம் ஒரு கோப்புறை. கூடங்குளம் வரியில் இருந்ததோ ஒரு கணினியின் முழு சி டிரைவ்.

2024 ஜூனில் என்டிஎல்எம் முறையின் எல்லாப் பதிப்புகளையும் கைவிடப்படுபவை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது; அதன் முதல் பதிப்பு விண்டோஸ் 11-இன் 24எச்2 வெளியீட்டிலிருந்தே அகற்றப்பட்டுவிட்டது. ஐபி எண்ணையும் நிர்வாகி கடவுச்சொல்லையும் சேர்த்து எழுதிய பழைய நிரல்கள் இனி ஒவ்வொன்றாக இயங்க மறுக்கும். அவற்றைச் செப்பனிடத் திறக்கும்போதே கடவுச்சொல்லை நீக்கி, நிரலுக்கு உரிய கணக்கைக் கொடுப்பது அதே வேலையின் பகுதி.