தெரியாத நூலும் தெளிவில்லாத பொறுப்பும்

1880 பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது உ.வே. சாமிநாதையருக்கு வயது ஏறத்தாழ 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். திருவாவடுதுறை மடத்தில் பாடம் சொன்னவர். ஓய்வுபெற்ற தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் அவரது இடத்திலேயே அமர்ந்தவர். தம் புலமையை ஐயுற அவருக்குக் காரணம் இருக்கவில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றீர்கள் என்று முதலியார் வினவ, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே விடையாயிற்று.

மடத்து மரபின் அளவுகோல் ஒன்று. ஆங்கிலக் கல்வி பெற்ற முதலியாரின் அளவுகோல் வேறு. பணியிடத்தில் மனிதர் படும் நெருக்கடியை ஆராய்ந்து 1964இல் ராபர்ட் கானும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவில் ஒரு நூல் வெளியிட்டனர். முரண்பட்ட எதிர்பார்ப்புகளுக்கிடையே அகப்படுவது ஒருவகை. தம்மிடம் எதிர்பார்க்கப்படுவது இன்னதென்றே தெளியாதிருப்பது மற்றொரு வகை. தெளிவின்மை மிகுந்தவிடத்துத் தன்னம்பிக்கை குறைந்திருப்பதையும் அவர்கள் கண்டனர்.

சாமிநாதையருக்கு நேர்ந்தது முதல்வகை முரணே. ஆனால் தமக்குத் தெரியாதது எது என்பது அவருக்கு நூற்பெயரோடு தெரிந்துவிட்டது. பெயருள்ள குறையை நீக்க வழியும் உண்டு. நச்சினார்க்கினியர் உரையோடு போராடினார். சைவ மடத்துப் புலவர், கும்பகோணத்துச் சமணரிடம் மாணவராகி ஐயம் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அவர் பதிப்பாக வெளிவந்தது. தன் திறன்மீது ஒருவர் கொள்ளும் நம்பிக்கைக்கு, செய்துமுடித்த செயலே வலிய ஊற்று என்று 1977இல் ஆல்பர்ட் பண்டூரா எழுதியதற்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டியதில்லை.

இன்று ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் பாடமும் நடத்துகிறோம், மதிப்பீட்டுக் கோப்புகளும் நிரப்புகிறோம், மாணவர் சேர்க்கைக்கும் அலைகிறோம். இவற்றுள் எது நம் பணி என்று யாரும் வகுத்துரைப்பதில்லை. மாலையில் களைத்து அமரும்போது, நமக்குத் திறமை போதவில்லையோ என்ற எண்ணம் எழுகிறது. அந்த எண்ணத்திற்கு நூற்பெயர் எதுவும் இல்லை. கற்றுத் தீர்க்கவும் வழியில்லை. ஆகவே நம்மை நாமே நொந்துகொள்ளுமுன் ஒன்றை ஆராய வேண்டும். குறைபட்டிருப்பது நம் திறமையா, நமக்கு அளிக்கப்பட்ட பொறுப்பின் வரையறையா? முன்னது எனில் நாம் கற்கலாம். பின்னது எனில், வரையறுத்துத் தருமாறு கேட்பதே நம் முதற்கடமை.