மண் தொடாத சலாது

போர்களின் வரலாற்றைப் படிக்கும்போது, தளபதிகளின் பெயர்களைவிடப் படையினர் எதை உண்டார்கள், அது எங்கே விளைந்தது என்பதையே நான் தேடுவதுண்டு. அவ்வாறு என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது, டோக்கியோவுக்கு மேற்கே சோஃபுவில் 1946இல் அமெரிக்க இராணுவம் அமைத்த மரக்கறிப் பண்ணை.

அங்கே மண் இல்லை. தொட்டிகளில் சரளைக்கற்களைப் பரப்பி, உப்புச்சத்துகள் கரைத்த நீரைச் செலுத்தி, பின் வடித்துவிட்டுத் தக்காளி, வெள்ளரி, சலாது முதலியவற்றை வளர்த்தார்கள். மண்ணின்றிப் பயிர் வளர்ப்பதை 1930களில் பிரபலப்படுத்தியவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து வில்லியம் கெரிக். 1945இல் அத்திலாந்திக் சமுத்திரத்து அசென்ஷன் தீவிலும் படையினருக்காக அதைக் கையாண்டனர். எரிமலைப் பாறையாலான அத்தீவில் அதற்கு நியாயம் இருந்தது. காலங்காலமாக உழுது பயிரிட்டு வந்த யப்பானில் மண்ணை ஏன் ஒதுக்க வேண்டும்?

காரணம் உரம். யப்பானிய விவசாயிகள் மனித மலத்தைக் குழிகளில் புளிக்க வைத்து வயலுக்கு இட்டனர். எடோ காலத்தில் காசோ மரக்கறியோ கொடுத்து அதை நகரத்தாரிடம் வாங்கினர். நகரமும் கிராமமும் ஒன்றையொன்று ஊட்டிய ஏற்பாடு அது. எனினும் பச்சை இலைகளோடு வயிற்றுளைவும் குடற்புழுவும் வரும் என்ற இராணுவத்தினரின் அச்சமும் பொய்யல்ல. ஆகவே சுமார் 55 ஏக்கரில் தனிப்பண்ணை எழுந்தது.

அதே 1946 மே 19இல், டோக்கியோ அரச மாளிகையின் முன்றலில் மக்கள் பெருந்திரளாகக் கூடிச் சோறு கேட்டனர். பங்கீட்டுணவு போதவில்லை, கள்ளச்சந்தைதான் பலரின் உயிர் காத்தது. கள்ளச்சந்தை வழக்குகளை விசாரித்த நீதிபதி யமகுச்சி யொஷிதாதா, தாம் அங்கே எதுவும் வாங்குவதில்லை என்று உறுதிபூண்டு, 1947 ஒக்டோபரில் போசாக்கின்மையால் மாண்டார். வயது 33.

அமெரிக்கா உணவு அனுப்பிப் பலரைக் காப்பாற்றியதையும் சொல்லத்தான் வேண்டும். 55 ஏக்கர் மரக்கறி டோக்கியோவின் பசியைத் தீர்த்திருக்கவும் முடியாது. என்றாலும், உணவு சுத்தமானதா என்று கேட்கும் உரிமை வென்றவர்களுக்கே இருந்தது. தோற்றவர்கள் உணவு உண்டா என்று மட்டுமே கேட்டார்கள்.

1952இல் ஆக்கிரமிப்பு முடிந்தது. அம்முறை யப்பானியரிடமும் பரவியது. பச்சை மரக்கறி உண்ணும் வழக்கமும் பெருகியது. மலவுரம் மெல்ல மறைந்தது. அதனோடு நகரத்துக்கும் வயலுக்கும் இருந்த அந்தப் பழைய கொடுக்கல் வாங்கலும் போயிற்று.