மறதிநோயருக்கான குழுவழித் தணிப்புச் சிகிச்சை

டிமென்ஷியா எனும் மறதிநோய் முற்றி, முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்பவருக்கு, மருத்துவரும் செவிலியரும் சமூகப் பணியாளரும், நாள்தோறும் உணவூட்டி நீராட்டும் உதவியாளரும் குடும்பத்தாரோடு கலந்து, ஆயுளை நீட்டிப்பதினும் வேதனையைத் தணிப்பதையே பிரதான லட்சியமாகக் கொண்டு ஆற்றும் சிகிச்சை முறை. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் தணிப்புச் சிகிச்சை இல்லம் பெரிதும் புற்றுநோயாளரை முன்னிட்டே தோன்றியது. அந்நெறியை மறதிநோயருக்கு விரித்த முன்னோடிகளுள் ஒருவர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பெட்ஃபோர்டில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் 1980களில் பணியாற்றிய லாடிஸ்லாவ் வோலிசர்.

வலியைச் சொல்லும் சக்தி இழந்தவரிடம் அதை அறிவது எவ்வாறு என்பதே இத்துறையின் மூலப் பிரச்னை. வோலிசர் உள்ளிட்டோர் 2003இல் வெளியிட்ட அளவுகோல், சுவாசம், முனகல், முகபாவம், உடலசைவு, ஆறுதலுக்கு இணங்கும் தன்மை ஆகிய ஐந்தையும் நோக்கி, வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடுகிறது. இக்குறிகளை முதலில் காணக்கூடியவர், எப்போதாவது வந்துபோகும் மருத்துவரல்லர், தினந்தோறும் ஆடை மாற்றிவிடும் உதவியாளரே. ஆதலின் அவர் சொல்லுக்கு மதிப்பளியாத குழு, பெயரளவிலேயே குழுவாகும்.

சூசன் மிட்செல் முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பாஸ்டன் வட்டாரத்து 22 இல்லங்களில் நோய் முற்றிய 323 பேரைப் பதினெட்டு மாதங்கள் கவனித்தது. அக்காலத்துள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர்; உண்பதில் இடர், காய்ச்சல், நிமோனியா ஆகியவை மிகுந்திருந்தன. நோயின் போக்கைக் குடும்பத்தார் உணர்ந்திருந்த நோயாளிகள், அந்திமக் காலத்தில் துன்பந்தரும் சிகிச்சைகளுக்குப் பெரிதும் குறைவாகவே உட்பட்டனர். இந்நிலையில் குழாய்வழி உணவைத் தவிர்த்து, கையால் பொறுமையுடன் ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது.